கட்டுத்தரைக்குத் திரும்பாத கம்ப்யூட்டர்

இந்தக் கதையில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதிப் பாதியைப் பார்த்தவர் எனக்குச் சொன்னார். அவர் பொய் சொல்லமாட்டார். அதற்கு வேண்டிய புத்தி அவருக்குக் கிடையாது.

கொட்டாப்புளிபாளையத்தில் மாட்டுத் தரகர் சங்கம் என்று ஒன்று இருந்தது. சங்கத்தில் மூன்று பேர். தலைவர் சென்னியப்பன், செயலாளர் ராக்கியப்பன், உறுப்பினர் வெள்ளியங்கிரி. உறுப்பினர் ஒரே ஒருவர் என்பதால் சங்கத்துக்குள் கோஷ்டிச் சண்டை வந்ததே இல்லை.

மாட்டைப் பற்றி அந்த மூவருக்கும் தெரியாதது எதுவும் இல்லை. மற்றதைப் பற்றித் தெரிந்தது எதுவும் இல்லை. அதை அவர்கள் ஒரு குறையாக நினைக்கவுமில்லை. உலகத்தில் எந்தப் பொருளானாலும் அதை ஒரு மாடு என்று வைத்துக்கொண்டு பார்த்தால் காரியம் நடந்துவிடும் என்பது அவர்கள் அனுபவம்.

சங்கத்து ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. வாங்கிப் பதினாலு வருஷம். கறுப்புப் பெட்டி, முன்னால் ஒரு திரை, எழுத்துப் பலகை, எலி. பெட்டியின் நெற்றியில் வெள்ளிக்கிழமை தோறும் விபூதி பூசுவார்கள். ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஒரு கயிறும் கட்டியிருந்தார்கள். எங்கேயும் ஓடிவிடும் என்று இல்லை. கட்டாமல் விட்டால் நன்றாக இருக்காது என்றுதான்.

காலையில் ராக்கியப்பன் பொத்தானை அமுக்குவார். பிறகு மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு டீக்கடைக்குப் போவார்கள். திரும்பி வரும்போது பெட்டி விழித்திருக்கும். முக்கால் மணி நேரம். ஒரு நிமிஷம் கூடாது, ஒரு நிமிஷம் குறையாது. அந்த ஒழுங்கைப் பற்றி மூவருக்கும் பெருமை உண்டு.

இப்படி இருக்கும்போது ஒரு செவ்வாய்க்கிழமை ஜில்லா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. சென்ற ஐந்து வருஷத்தில் உங்கள் தேர்த் திருவிழாச் சந்தையில் கைமாறிய மாடுகளின் பட்டியலை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் கம்ப்யூட்டர் வழியாக அனுப்ப வேண்டும்; தவறினால் இந்த வருஷத்துச் சந்தை பக்கத்து ஊரான கள்ளிமேட்டுக்கு மாற்றப்படும் என்று அதில் இருந்தது.

சென்னியப்பன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கள்ளிமேட்டுத் தரகர்களுக்குத் தலைவன் மாரப்பன். மாரப்பன் சென்னியப்பனுடைய மனைவியின் தம்பி. சந்தை போனால் பிழைப்புப் போகும், அது ஒரு பக்கம். ஆனால் மாரப்பன் தீபாவளிக்கு விருந்துக்கு வருவான். இலையில் உட்கார்ந்து, பருப்புக்கு நெய் ஊற்றிக்கொண்டே, "என்னங் மச்சான், எங்கூர்ச் சந்தைக்கு மாடு பாக்க எப்ப வர்றீங்க?" என்று கேட்பான். அந்தக் கேள்வியை நினைத்த மாத்திரத்தில் சென்னியப்பனுக்கு விக்கல் வந்துவிட்டது.

பட்டியல் பெட்டிக்குள்தான் இருந்தது. ராக்கியப்பன் ஐந்து வருஷமாக ஒற்றை விரலால் தட்டிச் சேர்த்தது. ஆனால் பட்டியலைத் திற என்று சொன்னால் பெட்டி திறக்கவில்லை. ஒரு முறை உறுமியது. பிறகு சும்மா இருந்தது. மூன்று முறை முயன்றார்; மூன்று முறையும் அதே கதை.

"தலைவரே, பொட்டி படுத்துருச்சுங்க" என்றார் ராக்கியப்பன்.

"வயசாயிருச்சு, பாவம்" என்றார் சென்னியப்பன். "வயசான மாட்ட நாம என்ன பண்றோம்? லாடம் மாத்தி, பருத்திக்கொட்டை ஆட்டி வெச்சுத் தேத்தறோம்."

"இல்லாட்டி வித்துப்போட்டு இளசாப் புடிக்கறோம்" என்றார் ராக்கியப்பன்.

"எது பண்றதுன்னாலும் மொதல்ல பல்லப் பாக்கோணுமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

அது நியாயமாகப் பட்டது. வெள்ளியங்கிரி எழுத்துப் பலகையைத் தூக்கி, கவிழ்த்து, முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார். மூன்று கட்டைகள் உதிர்ந்தன. மீதியை எண்ணினார்.

"நூத்தி ஒண்ணுங்க."

"எட்டுப் பல்லு சேர அஞ்சு வருசமாகும்" என்று ராக்கியப்பன் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். "நூத்தி ஒண்ணுன்னா இதுக்கு வயசு அறுவத்தி மூணு."

"நாம வாங்கிப் பதினாலு வருசந்தானே ஆச்சு?" என்றார் சென்னியப்பன்.

"வித்தவன் வயசக் கொறைச்சுச் சொல்லிப்போட்டானுங்க."

சென்னியப்பன் பல்லைக் கடித்தார். அத்தனை பேரிடம் அத்தனை மாட்டுக்கு வயது குறைத்துச் சொன்ன தன்னிடமே ஒருவன் அதைச் செய்துவிட்டானே என்று அவருக்கு வருத்தம்.

அடுத்து, ராசி நல்லதா என்று சுழி பார்த்தார்கள். பெட்டியின் பின்புறம் ஒரு சின்ன விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"முதுகுல ஒரு சுழி இருக்குதுங்க தலைவரே. அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டும் இருக்குது."

"இடமாச் சுத்துதா, வலமாச் சுத்துதா?"

வெள்ளியங்கிரி முன்னால் நின்று பார்த்து ஒன்று சொன்னார், பின்னால் போய்ப் பார்த்து வேறொன்று சொன்னார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு தடவையும் அவர் பார்த்ததைத்தான் சொன்னார்.

கடைசியில் ஓட்டுப் போட்டார்கள். சென்னியப்பன் தேற்றலாம் என்ற கட்சி. ராக்கியப்பன் மாற்றலாம் என்ற கட்சி. வெள்ளியங்கிரி கடைசியாகப் பேசியவர் கட்சி. சென்னியப்பன் பேசி முடித்து ஓட்டெடுத்தால் தேற்றலாம் என்று இரண்டுக்கு ஒன்று வரும். உடனே ராக்கியப்பன் எழுந்து பேசுவார். ஓட்டெடுத்தால் மாற்றலாம் என்று இரண்டுக்கு ஒன்று. பதினோரு தடவை ஓட்டெடுத்து, எல்லோருக்கும் தொண்டை கட்டிய பிறகு, டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெசிந்தாவுக்குப் போன் போட்டார்கள்.

ஜெசிந்தா கெட்டிக்காரி. நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். ராக்கியப்பன் அதை அப்படியே சீட்டில் எழுதிக்கொண்டார்.

"பாருங்க ஐயா. மொதல் வேலை, அதுல இருக்கறதுக்கெல்லாம் வேற எடத்துல ஒரு நகல் எடுத்து வெச்சுக்குங்க. ரெண்டாவது, மூடியைக் கழட்டித் தூசியை எடுங்க. உள்ள இருந்து எதை எடுத்தாலும் எடுத்த எடத்துலயே திருப்பி வெச்சிரோணும், மறந்துராதீங்க. மூணாவது, பொட்டியை மட்டும் குலுங்காம இங்க கொண்டு வாங்க. தேத்தறதா, புதுசு வாங்கறதான்னு நான் பாத்துச் சொல்றேன்."

"இவ்வளவுதானுங்களா அம்மிணி? இதைச் செய்யறதுக்கென்ன?" என்றார் ராக்கியப்பன்.

புதன்கிழமை நகல் எடுத்தார்கள். ஆபீஸ் சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, அதன்மேல் கரிக்கட்டையால் வெள்ளியங்கிரி வரைய ஆரம்பித்தார். சந்தை விளம்பரத்துக்குக் காளைப் படம் போடுகிறவர் அவர், கை தேர்ந்தவர். திரையில் ஒரு நீல ஏரியும் ஒரு மலையும் இருந்தன. அதன்மேல் சின்னச் சின்னப் படங்கள் பதினேழு. ஒவ்வொன்றையும் அளந்து வரைந்தார். நடுவில் ஒரு அம்புக்குறி. அது நகராமல் இருக்க ராக்கியப்பன் எலியைக் கட்டைவிரலால் மேசையோடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருந்தார். அதன் வாலை வெள்ளியங்கிரி ஏற்கெனவே மேசைக்காலில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்.

பதினோரு மணி நாற்பது நிமிஷத்துக்கு எல்லாம் முடிந்தது. திரையின் வலது மூலையில் இருந்த மணியை மட்டும் எழுத வேண்டும். வெள்ளியங்கிரி 11:40 என்று எழுதினார்.

"மாறிப்போச்சு" என்றார் சென்னியப்பன். "நாப்பத்தி ஒண்ணு."

அழித்துவிட்டு 11:41 என்று எழுதினார்.

"நாப்பத்தி ரெண்டு."

அழித்தார். எழுதினார். மறுபடியும் அழித்தார். மத்தியானச் சாப்பாடு வந்து ஆறியது. ஒன்றரை மணிக்குச் சுவரின் அந்த மூலையில் சுண்ணாம்பு போய், மண் போய், செங்கல் தெரிந்தது. ராக்கியப்பனின் கட்டைவிரல் மரத்துப்போய்விட்டது.

"இது நம்மளப் பாத்துட்டே மாத்துதுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

அப்போதுதான் சென்னியப்பனுக்கு ஒரு யோசனை வந்தது. தலைவர் என்றால் சும்மாவா? "வெள்ளீங்கிரி, நீ அது பின்னாடி ஓடாதே. மூணு மணின்னு எழுதி வெச்சுட்டு உக்காரு. அது தன்னால நம்ம கிட்ட வரும்."

எழுதிவிட்டு உட்கார்ந்தார்கள். சரியாக மூன்று மணிக்குத் திரையும் சுவரும் ஒன்றாயின. மூவரும் கை தட்டினார்கள். அது மேற்கொண்டு மாறிவிடாமல் இருக்க, அந்த நிமிஷமே ராக்கியப்பன் பாய்ந்து சுவிட்சை அணைத்தார். நகல் பத்திரமாகிவிட்டது.

வியாழக்கிழமை தூசி. மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு தலையணைக்கு உண்டான தூசி இருந்தது. வெள்ளியங்கிரி கோழி இறகால் அதை மெதுவாக எடுத்து, விசிறிப் பக்கத்துத் தூசி ஒரு பொட்டலம், மூலைத் தூசி ஒரு பொட்டலம், அடித் தூசி ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டி வைத்தார். ஒரு பல்லி மட்டும் யாரும் எடுக்காமலே வெளியே ஓடிச் சுவரில் ஏறி, வரைந்து வைத்த ஏரிக்கு நடுவில் நின்றுகொண்டது.

ராக்கியப்பன் சீட்டைப் பார்த்தார். "எடுத்ததை எடுத்த எடத்துலயே திருப்பி வெக்கோணும். மறந்துராதீங்கன்னு அம்மிணி சொல்லுச்சு."

எனவே திருப்பி வைத்தார்கள். விசிறித் தூசி விசிறிக்கு, மூலைத் தூசி மூலைக்கு. தேக்கரண்டியால் கொட்டி, விரலால் அமுக்கி, இருந்தது போலவே. அப்படியும் ஒரு பிடி மிஞ்சிவிட்டது. அது எந்த இடத்துத் தூசி என்று வெகுநேரம் வாதாடி, யாருக்கும் மனத்தாங்கல் வேண்டாம் என்று எல்லா இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைத்தார்கள்.

"பல்லியுங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"அது தானாப் போச்சு. நாம எடுக்கலை" என்றார் சென்னியப்பன். சட்டம் தெரிந்தவர்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் போயாக வேண்டும். டவுனுக்குப் பதினாலு கிலோமீட்டர். பஸ் குலுங்கும், ஆகவே சென்னியப்பனின் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, பெட்டியை நடுவில் வைத்தார்கள். மாட்டைப் பூட்டப் போனபோது ராக்கியப்பன் காலண்டரைப் பார்த்துவிட்டார்.

"தலைவரே, இன்னிக்கு அமாவாசை."

அமாவாசையன்று அந்தப் பக்கத்தில் மாட்டை ஏரிலோ வண்டியிலோ பூட்டமாட்டார்கள். அன்று மாட்டுக்கு ஓய்வு. தரகர்களே அதை மீறினால் ஊர் என்ன சொல்லும்? யோசித்துப் பார்த்து, சென்னியப்பன் நுகத்தடியின் இடது பக்கமும் ராக்கியப்பன் வலது பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். வெள்ளியங்கிரி பின்னாலிருந்து தள்ளினார். இரண்டு காளைகளையும் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

"மாடு எதுக்குங்க கூட?" என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"மாடில்லாம மாட்டு வண்டி போனா நாலு பேரு சிரிக்கமாட்டாங்களா?" என்றார் சென்னியப்பன்.

வழியெல்லாம் ஜனங்கள் சிரித்தார்கள். மாடுகள்தான் கூடவே வருகின்றனவே, பின்னே எதற்குச் சிரிக்கிறார்கள் என்று மூவருக்கும் விளங்கவில்லை.

ஒரு மணிக்குக் கடை வாசலில் வந்து சேர்ந்தார்கள். ஜெசிந்தா மூடியைக் கழற்றினாள். கழற்றிவிட்டு உள்ளே குனிந்து பார்த்தாள்.

"ஐயா, நான் பதினஞ்சு வருசமா இந்த வேலை பாக்கறேன். தூசியை இவ்வளவு நேர்த்தியா அடுக்கி வெச்சு நான் பாத்ததே இல்லை."

"எல்லாம் நீங்க சொன்னபடிதானுங்க அம்மிணி" என்றார் ராக்கியப்பன் அடக்கமாக.

அவள் காற்றடிக்கும் குழாயை எடுத்து ஒரே ஊதாக ஊதினாள். ஒருநாள் உழைப்பு தெருவில் போய் விழுந்தது. வெள்ளியங்கிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"புதுசு வாங்க வேண்டியதில்லைங்க" என்றாள் ஜெசிந்தா. "பொட்டி கெட்டி. ஹார்டு டிஸ்க் ஒண்ணு, ரேம் ஒண்ணு, ரெண்டு பாகத்தை மட்டும் மாத்திப் போடறேன். உள்ள இருக்கற பட்டியலையும் பத்திரமாப் புது டிஸ்க்குக்கு மாத்தித் தர்றேன். இன்னும் நாலு வருசம் ஓடும். என்ன சொல்றீங்க?"

மூவரும் கடை மூலைக்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார்கள்.

"பாகம் மாத்தினா அது நம்ம பொட்டிதானா?" என்றார் ராக்கியப்பன்.

"லாடம் மாத்தினா அதே மாடு. கொம்பு சீவினாலும் அதே மாடு" என்றார் சென்னியப்பன்.

"குடல மாத்தினாலுங்க?" என்றார் வெள்ளியங்கிரி.

"குடல் மாத்தின மாட்ட நீ எந்தச் சந்தைல பாத்தே?"

"பாக்கலைங்க. அதனாலதான் கேக்கறேன்."

அதற்குள் மணி ஒன்றரை ஆகிவிட்டது. சென்னியப்பன் கண்ணுக்கு முன்னால் மாரப்பன் பருப்புக்கு நெய் ஊற்றினான். "மாத்திப்போடு அம்மிணி" என்று கத்திவிட்டார்.

அடுத்தது விலை. மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவர்களுக்குக் கிடையாது. கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேச்சு. ஆனால் பெண்பிள்ளையின் கையைப் பிடிக்கலாமா? கூடாது. எனவே ஜெசிந்தா சார்பில் வெள்ளியங்கிரி கையை நீட்டினார். சங்கத்துச் சார்பில் சென்னியப்பன் பிடித்தார். துண்டுக்குள் இரண்டு கையும் கால் மணி நேரம் மல்லுக்கு நின்றன. வெள்ளியங்கிரி மூன்று தடவை கோபித்துக்கொண்டு எழுந்து போய் மூன்று தடவையும் திரும்பி வந்தார். கடைசியில் இருவரும் சிரித்துக் கையை உதறினார்கள்.

"முடிஞ்சுது அம்மிணி!"

"எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்றாள் ஜெசிந்தா.

"அதை வெளிய சொல்லக்கூடாதுங்க" என்றார் வெள்ளியங்கிரி. "தொழில் ரகசியம்."

அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. கடையில் இருந்த திரையோடு பெட்டியை இணைத்துப் பொத்தானை அமுக்கினாள். மூவரும் வழக்கம் போல டீ குடிக்கத் திரும்பினார்கள். வாசற்படியில் கால் வைப்பதற்குள் "வந்திருச்சுங்க" என்றாள்.

"என்ன வந்திருச்சு?"

"எழுந்திருச்சுங்க. இருவது செகண்டு."

மூவரும் திரும்பி வந்து திரையைப் பார்த்தார்கள். ஏரி இருந்தது. மலை இருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு கிழட்டு மாட்டை லாடத்துக்கு விட்டுவிட்டு வந்து பார்த்தால், துள்ளுகிற காளைக் கன்று நிற்கிறது என்றால் தரகனுக்கு என்ன தோன்றும்?

"அம்மிணி" என்றார் சென்னியப்பன் மெல்ல. "தப்பா நெனைக்காதீங்க. இது எங்க பொட்டி இல்லை."

"உங்க பொட்டிதானுங்க! நெத்தியில விபூதி பாருங்க!"

"விபூதி யாரும் பூசலாம். எங்களுது எழுந்திரிக்க முக்கால் மணி நேரமாகும். பதினாலு வருசமா ஒருநாள் தவறினதில்லை."

"உங்க பட்டியலே இதுல இருக்குதுங்களே! இதோ!" அவள் தட்டியவுடன் பட்டியல் விரிந்தது. செவலை, மயிலை, காரி என்று ஐந்து வருஷத்து மாடுகளும் வரிசையாக நின்றன.

ராக்கியப்பன் குனிந்து பார்த்தார். அவர் முகம் கறுத்தது. "நான் அடிச்ச பட்டியலேதான். தலைவரே, எங்கிருந்தோ வந்த பொட்டி நம்ம பட்டியலையும் திருடி வெச்சிருக்குது!"

"சத்தம் போடாதே" என்றார் சென்னியப்பன். "அவசரப்பட்டு ஒரு பொட்டி மேல பழி போடக் கூடாது. பரீட்சை வெப்போம்."

மாடு யாருடையது என்று சச்சரவு வந்தால் தரகர்கள் செய்வது ஒன்று உண்டு. கயிற்றை அவிழ்த்து நடுரோட்டில் விடுவார்கள். மாடு எந்தக் கட்டுத்தரைக்குப் போகிறதோ அந்த வீட்டு மாடு. ஜெசிந்தா தடுக்கத் தடுக்க, பெட்டியைத் தூக்கிப்போய் ரோட்டு நடுவில் வைத்தார்கள். கொட்டாப்புளிபாளையம் கிழக்கே. பெட்டியின் முகத்தை வேண்டுமென்றே வடக்கே திருப்பி வைத்தார்கள். சிபாரிசு செய்ததாக இருக்கக் கூடாது. பிறகு மூவரும் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள்.

கால் மணி நேரம் ஆயிற்று. பெட்டி நகரவில்லை.

"பாத்தீங்களா, நம்முளுதா இருந்தாப் போயிருக்கும்" என்றார் ராக்கியப்பன்.

"இரு, இரு. நம்முளுதா இருந்தாக் கெளம்பறதுக்கே முக்கால் மணி நேரமாகுமே" என்றார் சென்னியப்பன்.

இதில் இருந்த நியாயத்தை ராக்கியப்பனால் மறுக்க முடியவில்லை. காத்திருந்தார்கள். ஒரு பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. டிரைவர் தலையை நீட்டினார்.

"யாருதுய்யா இந்தப் பொட்டி?"

"அதைத்தான் நாங்களும் பாத்துட்டு இருக்கறோம்" என்று மரத்துக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

டிரைவர் இறங்கி, வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே பெட்டியைக் காலால் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போனார்.

"நாலடி போயிருச்சுங்க! அதும் கெழக்கால!" என்று வெள்ளியங்கிரி குதித்தார்.

"டிரைவர் ஒதைச்சதால போச்சு" என்றார் ராக்கியப்பன்.

"மாட்டையும் தட்டித்தானுங்க ஓட்டறோம்?"

"தட்டினா மேக்கொண்டு போகோணுமல்ல? இது நின்னுபோச்சே!"

மணி நாலே முக்கால். ஜெசிந்தா வெளியே வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மூவரும் பின்னாலேயே ஓடினார்கள்.

"அம்மிணி, அடுத்தவங்க பொட்டியில நம்ம பட்டியல அனுப்பறது முறையில்லைங்க!"

"பொட்டி யாருதோ இருந்துட்டுப் போகட்டும். பட்டியல் உங்களுதுதானே? சந்தை வேணுமா, கள்ளிமேட்டுக்குப் போகட்டுமா?"

சென்னியப்பனுக்கு விக்கல் வந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அவள் அனுப்பிவிட்டாள். மணி நாலு ஐம்பத்திரண்டு. மூன்றே நிமிஷத்தில் ஜில்லா ஆபீசிலிருந்து பதில் வந்தது. பட்டியல் கிடைத்தது, சந்தை கொட்டாப்புளிபாளையத்துக்கே என்று. அரசாங்க ஆபீஸ் மூன்று நிமிஷத்தில் பதில் போட்டது என்றவுடன் நீங்கள் புத்தகத்தை மூடப் பார்ப்பீர்கள். மற்றதை எல்லாம் நம்பினீர்களே, இதையும் நம்புங்கள்.

மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சென்னியப்பன் அழுதேவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "அம்மிணி, எங்க பொட்டி எப்ப வந்தாலும் ஒரு தகவல் சொல்லுங்க. இந்த வழி தவறின பொட்டியை இப்படியே விட்டுட்டுப் போக மனசு வரலை. கூட்டிட்டுப் போயிக் கட்டி, தீனி போட்டு, தேடி வர்றவன் கையில ஒப்படைக்கறது தரகன் கடமை."

தேர்ச் சந்தை வந்தது. கூட்டம் அலைமோதியது. முதல் முளையில் பெட்டியைக் கட்டி, முன்னால் சோளத்தட்டு வைத்திருந்தார்கள். சொந்தக்காரன் வந்தால் கண்ணில் படட்டும் என்று.

மாரப்பன் வந்தான். சந்தையில் குறை கண்டுபிடிக்கவே மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு வந்தவன், முதல் முளையிலேயே நின்றுவிட்டான்.

"என்னங் மச்சான் இது? உங்க கம்ப்யூட்டரக் கட்டிப்போட்டிருக்கறீங்க?"

"எங்களுது இல்ல மாப்ளே. வழி தவறி வந்தது."

"உங்களுதாட்டவே இருக்குதுங்க."

"உருவம் அதேதான். கொணம் வேற. இது பயங்கர வேகம்."

மாரப்பன் இருபத்திரண்டு வருஷமாக அக்காள் புருஷன் சொன்ன எதையும் ஒப்புக்கொண்டவன் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பெட்டியை நாலு பக்கமும் பார்த்தான். அடுத்த முளையில் ஒரு பெரிய மயிலைக் காளை கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாக அசை போட்டுக்கொண்டிருந்தது.

"காத்தால தீனி வெச்சீங்களா?"

"ஒரு கட்டுச் சோளத்தட்டு வெச்சமுங்க" என்றார் வெள்ளியங்கிரி.

"எங்க அது?"

"தின்னுருச்சுங்க. அந்தப் பக்கம் திரும்பி இந்தப் பக்கம் பாக்கறதுக்குள்ள."

மாரப்பன் நிமிர்ந்தான். வெகுநேரம் யோசித்தான். "அப்பச் சரிதானுங் மச்சான். உங்க பொட்டியா இருந்தா அதுக்கு மூணு நாளு ஆகியிருக்கும்."

சென்னியப்பன் முகம் பூரித்துப் போயிற்று. ராக்கியப்பன் மட்டும் கவலையாக நின்றார். "எல்லாஞ் சரிங்க. தின்னுது, தின்னுது, தின்னுட்டே இருக்குது. ஆனா வந்ததுலருந்து ஒரு உருண்டை சாணி போடலைங்க."

மாரப்பன் பதறிவிட்டான். என்ன இருந்தாலும் அவனும் தரகன். "இதை மொதல்லயே சொல்லக் கூடாதுங்களா? எங்கூர்ல நல்ல மாட்டு வைத்தியர் இருக்கறாரு. தூக்குங்க, தூக்குங்க! நான் வாலப் புடிச்சுக்கறேன், மச்சான், நீங்க தலையப் புடிங்க!"

சென்னியப்பன் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"தலை எது மாப்ளே?"

சந்தை நின்றுபோயிற்று. எட்டு ஊர்த் தரகர்களும் பிடித்திருந்த விரலை விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அதைச் சுற்றி வட்டமாகக் குந்தி உட்கார்ந்தார்கள்.